302 போய் 103 வந்தது, தராசு மாறியதா?

தாராவியிலோ சயான் கோலிவாடாவிலோ ஒரு கைகலப்பு சாவில் முடிந்துவிட்டால், போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கூடும் நம்மவர்கள் முதலில் கேட்பது, "எந்த செக்‌ஷன் போட்டிருக்கிறார்கள்?" என்பதுதான். சரியான கேள்வி. பிடிபட்டவர் ஐந்து ஆண்டில் வெளியே வருவாரா, பதினான்கு ஆண்டு கழிந்தும் உள்ளே இருப்பாரா என்பது அந்த எண்ணில் அடங்கியிருக்கிறது.

எண்கள் 2024 ஜூலை 1-ம் தேதி மாறிவிட்டன. 1860-ல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டம் போய், பாரதிய நியாய சன்ஹிதா அமலுக்கு வந்தது. கொலைக்குத் தண்டனை கூறும் 302-வது பிரிவு இப்போது 103. கொலை என்று கருதப்படாத மரணம் விளைவித்த குற்றத்துக்கான 304 இப்போது 105. அஜாக்கிரதையால் சாவு நேர்ந்தால் போடும் 304-ஏ இப்போது 106. (அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய எண்களே.) புதிய சட்டத்தில் 302 என்றால் மத உணர்வைப் புண்படுத்தப் பேசுவது, 304 என்றால் சங்கிலிப் பறிப்பு போன்றவை. சினிமா வசனகர்த்தாக்கள் பாடு சற்றுத் திண்டாட்டம்தான். எண்கள் மாறினவே தவிர, உள்ளே இருக்கும் தராசு பழையதே.

அந்தத் தராசில் வைத்து நிறுக்கப்படுவது செய்தவன் மனம். கொல்ல வேண்டும் என்ற எண்ணம் இருந்ததா? எண்ணம் இல்லாவிட்டாலும், இப்படிச் செய்தால் ஆள் செத்துப் போகக்கூடும் என்று தெரிந்திருந்ததா? இரண்டும் இல்லாத வெறும் அலட்சியமா? கொலை என்று தீர்மானமானால் தூக்கு அல்லது ஆயுள். எண்ணம் இருந்தும் சட்டம் விதிவிலக்கு அளிக்கும் சூழ்நிலை என்றால் 105-ன் முற்பகுதி: ஆயுள் வரை போகலாம், ஐந்து ஆண்டுக்குக் குறையாது. தெரிந்திருந்தது, எண்ணம் இல்லை என்றால் அதே பிரிவின் பிற்பகுதி: பத்து ஆண்டு வரை. அலட்சியத்துக்கு 106: அதிகபட்சம் ஐந்து ஆண்டு.

நம்மவரிடையே ஒரு தப்பான நம்பிக்கை உண்டு. "ஒரே அடிதானே அடித்தான், கொலைக் கேஸ் நிற்காது" என்பார்கள். 1958-ல் விர்சா சிங் என்ற பஞ்சாப் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாக்கிவிட்டது. அங்கே ஈட்டியால் ஒரே குத்துதான். கொல்லும் எண்ணம் இருந்ததா என்பதைக்கூட அரசுத் தரப்பு காட்ட வேண்டியதில்லை. அந்த இடத்தில் அந்தக் காயத்தை உண்டாக்கவே நினைத்துக் குத்தினான், அந்தக் காயம் சாதாரணமாக உயிரைக் குடிக்கப் போதுமானது என்று நிரூபித்தால் போதும், அது கொலை.

மறுபுறம், திடீர்ச் சண்டைக்கு விதிவிலக்கு உண்டு. முன்யோசனை இருக்கக்கூடாது, ஆத்திரத்தில் நடந்ததாக இருக்க வேண்டும், எதிரியின் இயலாமையைப் பயன்படுத்தியோ குரூரமாகவோ செய்திருக்கக்கூடாது. யார் முதலில் வம்பிழுத்தார் என்பது முக்கியமல்ல. ஆனால் வாய்ச்சண்டைக்குப் பின் வீட்டுக்குப் போய் அரிவாளுடன் திரும்பி வந்தால் இந்த விதிவிலக்கு கைநழுவிப் போகும். தானாகக் குடித்த குடியும் காப்பாற்றாது.

ஆத்திரத்துக்கும் அவகாசத்துக்கும் உள்ள உறவுக்கு உதாரணம் இதே பம்பாயில் நடந்த நானாவதி வழக்கு. 1959 ஏப்ரல் 27-ம் தேதி கடற்படை கமாண்டர் நானாவதியிடம் அவர் மனைவி தனக்கும் பிரேம் அஹுஜாவுக்கும் உள்ள உறவைச் சொன்னார். கமாண்டர் மனைவியையும் குழந்தைகளையும் சினிமாவில் விட்டு, கப்பலுக்குப் போய் ரிவால்வர் வாங்கி, அஹுஜாவின் அலுவலகத்தில் தேடி, பிறகு வீட்டில் சுட்டார். இடையே ஏறக்குறைய மூன்று மணி நேரம். ஜூரர்கள் 8-க்கு 1 என்று "குற்றவாளி அல்ல" என்றார்கள். செஷன்ஸ் நீதிபதி ஏற்காமல் ஹைகோர்ட்டுக்கு அனுப்பினார். ஹைகோர்ட் ஆயுள் தண்டனை விதித்தது. 1961 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது. மூன்று மணி நேரம் மனம் ஆறப் போதுமானது என்பது தீர்ப்பு. 1964-ல் கவர்னர் மன்னிப்பு கொடுத்து, அவர் வெளியே வந்தார். பத்திரிகை ஆதரவும் பெரிய இடத்துச் செல்வாக்கும் இல்லாதவனுக்கு அது நடந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

கமாண்டர்களின் குடும்ப விவகாரங்கள் அபூர்வம். தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2022-ல் நாட்டில் 28,522 கொலை வழக்குகள். அதில் 9,962 தகராறுகளால். ஏறக்குறைய மூன்றில் ஒன்று. நிலம், பணம், குடும்பம், அற்பச் சண்டை இவையே தகராறு என்ற தலைப்பில் வருபவை. பரம்பரைப் பகையும் கூலிப்படையும் சினிமாவில் நிறைய; வாழ்க்கையில் வாங்கிய கடன், குழாயடி, பாகப்பிரிவினை. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் ஷிப்டு முறையில் தூங்கும் இடத்தில் கோபம் வெளியேற வழி கிடையாது. பாக்கிச் சம்பளம் கேட்டு வாங்க முடியாதவன், அதே இரவு பக்கத்துப் பாய்க்காரனிடம் நூறு ரூபாய்க்குச் சண்டையிடுகிறான். இதை நியாயம் என்று சொல்லவில்லை, காரணம் என்கிறேன். நாட்டுச் சட்டம் கடைசி ஒரு நிமிஷத்தைத்தான் விசாரிக்கிறது, அதற்கு முந்தைய வருஷங்களை விசாரிப்பதில்லை.

இனி தராசின் மறுதட்டு. 2006 நவம்பர் 12-ம் தேதி அதிகாலை, பாந்திரா கார்ட்டர் ரோட்டில் ஒரு கார் நடைபாதையில் ஏறியது. அங்கே குடிசை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் அந்த ரோட்டையே செப்பனிட வந்த கூலித் தொழிலாளர். ஏழு பேர் மாண்டனர், எட்டுப் பேர் காயம். ஓட்டிய வாலிபர் குடித்திருந்தார். கீழ்க் கோர்ட் இதை அலட்சியம் என்று 304-ஏ-யில் வைத்து ஆறு மாதம் கொடுத்தது. ஹைகோர்ட் 304-ன் பிற்பகுதிக்கு ஏற்றி மூன்று ஆண்டு என்றது. 2012 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் அதை உறுதி செய்ததோடு, இந்தத் தண்டனை மிகக் குறைவு, ஆனால் அரசு அப்பீல் செய்யவில்லை என்றும் குறிப்பிட்டது. ஏழு உயிருக்கு மூன்று ஆண்டு. அதுவும் இரண்டாம் முறை கோர்ட் படியேறிய பிறகு.

போபாலில் நடந்தது இதற்கு நேர் எதிர்த்திசை. 1984 விஷவாயுச் சாவுகளுக்கு கம்பெனி அதிகாரிகள் மேல் முதலில் இருந்தது பத்து ஆண்டு வரை போகும் குற்றச்சாட்டு. 1996-ல் சுப்ரீம் கோர்ட்டே அதை 304-ஏ ஆக இறக்கியது. 2010 ஜூனில் இந்திய அதிகாரிகள் ஏழு பேருக்கு இரண்டாண்டு தண்டனை. அந்தப் பிரிவில் அதற்கு மேல் கொடுக்க இடமில்லை.

ஏழையின் கைக்கு ஒரு அளவு, பணக்காரனின் காருக்கும் தொழிற்சாலைக்கும் வேறு அளவு என்று சட்டப் புத்தகத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனால் கத்தி கண்ணுக்குத் தெரிகிறது, பிடித்த கையும் தெரிகிறது. சாரம் சரிந்து கொத்தனார் விழுந்தாலோ, சாக்கடைக் குழியில் இறங்கியவர் மூச்சடைத்துப் போனாலோ குற்றம் கையெழுத்துகளிலும் காண்டிராக்டுகளிலும் சிதறிக் கிடக்கிறது. போலீசார் மேஸ்திரியின் பெயரை எழுதி முடித்துவிடுகிறார்கள். முகமூடியும் கயிறும் இல்லாமல் குழிக்குள் இறக்கினால் ஆள் சாவான் என்பது இறக்கியவருக்குத் தெரியாதா? 2013-லேயே தனிச் சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். தடுக்கப்பட்டது தெரிந்தும் இறக்குவதை 'அலட்சியம்' என்பது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை; அது 105-ல் பரிசீலிக்கப்பட வேண்டியது.

புதிய சட்டத்தில் மாறியவையும் உண்டு. அலட்சியச் சாவுக்கு இரண்டாண்டாக இருந்தது ஐந்தாகியிருக்கிறது. விபத்து செய்துவிட்டுத் தகவல் தராமல் ஓடும் டிரைவருக்குப் பத்து ஆண்டு என்ற பகுதியை, 2024 ஜனவரியில் லாரி டிரைவர்கள் வேலைநிறுத்தம் செய்த பிறகு, மற்றவை அமலுக்கு வந்தபோதும் நிறுத்தி வைத்தார்கள். நமக்கு மிகவும் சம்பந்தப்பட்டது 103-ன் இரண்டாம் பகுதி: ஐந்து பேருக்குக் குறையாத கூட்டம் ஜாதி, மொழி, பிறந்த இடம் போன்றவற்றைக் காரணமாக வைத்து ஒருவரைக் கொன்றால் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் தூக்கு அல்லது ஆயுள். 1960-களின் கடைசியில் இந்த ஊரில் தென்னிந்தியர் கடைகள் தாக்கப்பட்டதைப் பார்த்த பெரியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஸ்டேஷனில் மராத்தியில் எழுதியதைப் படிக்கத் தெரியாமல் தலையாட்டிவிட்டு வருபவர்களுக்கு இரண்டு விஷயங்கள். சாட்சியம் குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்குப் புரியாத மொழியில் இருந்தால், அவருக்குப் புரியும் மொழியில் கோர்ட்டிலேயே பெயர்த்துச் சொல்ல வேண்டும். காவலில் இருப்பவருக்கு, 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு. இதற்கு மாவட்டக் கோர்ட் வளாகத்திலுள்ள ஆணைய அலுவலகத்தில் உறவினர் மனுக் கொடுக்கலாம். ஜெயிலிலிருந்தே அவரும் எழுதலாம்.