கை நோகிறது; நோயோ நெஞ்சில்!

புயத்தின் உட்புறத்தே நோவு கண்டால், "பாரம் தூக்கிய பிடிப்பு" என்று எண்ணெய் தேய்ப்போரும், "வாய்வு" என்று உள்ளி அவித்துக் குடிப்போரும் நம்மிடையே பலர். பெரும்பாலும் அது வெறும் பிடிப்பாகவே இருக்கக்கூடும். ஆயினும் சிலவேளை நோவது கையாயிருக்க, நோயுற்றது நெஞ்சாயிருக்கும். இவ்விந்தையை விளங்கிக்கொள்ள ஒரு சிறு நரம்பின் வழியை நாம் அறிதல் வேண்டும்.

கைக்குச் செல்லும் நரம்புகளிற் பெரும்பாலானவை கழுத்தினூடாக வருவன. முண்ணாணின் கழுத்துப் பகுதியிற் பிறக்கும் கீழ் நான்கு நரம்புகளும், மார்புப் பகுதியின் முதல் நரம்பும் ஒன்றோடொன்று பின்னிப் பின் பிரிந்து கையெங்கும் பரவுகின்றன. அக்குளுக்கும் புயத்தின் உட்புறத் தோலுக்கும் வரும் ஒரு நரம்போ இக்கூட்டத்தைச் சேர்ந்ததன்று. அது மார்புப் பகுதியின் இரண்டாம் நரம்பின் கிளை. இரண்டாம் மூன்றாம் விலா என்புகளின் இடையே ஓடி, மார்பின் பக்கத்தே வெளிப்பட்டு, அக்குளைக் கடந்து புயத்தை அடைகின்றது. விலாவிடைப் புய நரம்பு என அதனைக் கூறலாம். தசை எதனையும் அது இயக்குவதில்லை. தொடுகை, வெம்மை, தண்மை, நோவு ஆகியவற்றை அறிவிப்பதே அதன் தொழில்.

இனி, இதயத்தின் நோவைச் சுமந்து வரும் நரம்பிழைகளும் முண்ணாணின் மேல் மார்புப் பகுதியிலேயே புகுகின்றன. ஈரூர்க் கடிதங்கள் ஊர்ப்பெயரின்றி ஒரே தபாற்கந்தோரை அடைந்தால் எவ்வாறிருக்கும்? அடிக்கடி கடிதம் எழுதும் ஊரிலிருந்தே வந்ததென்று கருதுதல் இயல்பன்றோ? தோலிலிருந்து நாள்தோறும் செய்தி பெற்றுப் பழகிய மூளை, இதயம் அரிதாய் விடுக்கும் செய்தியையும் கையின் செய்தியென மயங்குகின்றது. கையில் ஊறு யாதுமில்லை. ஆதலின் அதனைத் தேய்ப்பதாற் பயனுமில்லை.

நெஞ்சில் இறுக்கமோ பாரமோ தோன்றி, கை, கழுத்து, தாடை ஆகியவற்றுக்கு நோவு பரவி, வியர்வையும் மூச்சுத் திணறலும் கூடுமாயின் காலந்தாழ்த்தல் ஆகாது. இடக்கையிற் பெரிதும் காணப்படினும், வலக்கையிலும் இந்நோவு வரலாம். நீரிழிவு உடையோருக்கும் முதியோருக்கும் பெண்களுக்கும் நெஞ்சு நோவின்றியே மாரடைப்பு நேர்வதுண்டு. நம் நாட்டில் 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் வண்டி கட்டணமின்றி வரும். நடக்கையிலே தோன்றி, இளைப்பாறத் தணியும் நோவையும் வைத்தியரிடம் கூறாது விடலாகாது.

இந்நரம்பைப் பற்றி மற்றுமொன்று. மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களை அகற்றும்போது இது வெட்டுண்ணவோ இழுபடவோ நேரலாம். அதன்பின் புயத்தின் உட்புறம் மரத்தும் சிலவேளை எரிந்தும் இருக்கும். அது கண்டு, கை வழங்காது போய்விடுமோ என்று அஞ்சுவோர் உளர். இந்நரம்பு உணர்ச்சிக்கே உரியது. இது கெடுவதாற் கையின் வலு குன்றாது. எரிவு நீடிப்பின் வைத்தியரிடம் கூறுக. அதற்கும் சிகிச்சை உண்டு.

மெல்லியதொரு நரம்பின் வழியை அறிந்திருப்பது ஒருவரின் வீண் அச்சத்தைப் போக்கும். வேறொருவரின் உயிரையே காக்கவுங்கூடும். உடலைப் பற்றிய அறிவு வைத்தியருக்கு மட்டும் உரியதன்று; வீட்டிலுள்ள யாவருக்கும் உரியது.