காடு என்றால் ஆளற்ற இடமா?

காட்டில் சிக்கி உயிர்பிழைக்கும் மனிதரைப் பற்றிய திரைப்படங்களை ஆராயும் நம் கல்விப்புலக் கட்டுரைகளில் ஒரு வாய்பாடு அசையாமல் அமர்ந்திருக்கிறது: காடு மனிதனின் எதிரி, துரத்தும் விலங்கு, மனிதனுக்குள் உறங்கும் விலங்கின் குறியீடு. ‘தி எட்ஜ்’ (1997), ‘தி ரெவனன்ட்’ (2015) ஆகியவற்றின் கரடிகளுக்குச் சொல்லப்பட்ட இவ்விளக்கமே ‘ஜல்லிக்கட்டு’ (2019) படத்தின் எருமைக்கும் சொல்லப்படுகிறது. இது ஆய்வு அன்று. படம் காட்டுவதைக் காணாமல் கடந்துபோவதற்கான வசதி.

லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் அப்படத்தில் அறுப்பதற்குக் கொண்டுவந்த எருமை தப்புகிறது, ஊரே துரத்துகிறது. ஆனால் ஆண்டனிக்கும் குட்டச்சனுக்கும் இடையிலான பகையைக் காடு மூட்டவில்லை. சந்தனமரத் திருட்டு, காட்டிக்கொடுத்தல், ஒரு பெண்ணின்மீது இருவரும் கோரும் உரிமை ஆகியவையே அதன் வேர்கள். இவற்றையெல்லாம் தெளிவாகக் காட்டிய படம், இறுதியில் ஆதிமனிதர்கள் விலங்குக்காக மோதும் காட்சிக்குத் தாவுகிறது. அதைத் தத்துவ ஆழம் என்று போற்றுவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை: காரணமுள்ள பகை அங்கே காரணமற்ற இயல்பாகிவிடுகிறது. இயல்பு என்று சொல்லிவிட்டால் எவரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை.

எஸ்.பி. ஜனநாதனின் ‘பேராண்மை’ (2009) படத்துக்கு இவ்வாய்பாடு சற்றும் பொருந்தாது. பழங்குடி வனக்காவலனான துருவனுக்குக் காடு எதிரியன்று. அது அவனது அறிவு. அவன் எதிர்கொள்ளும் பகை இரண்டு: ஊடுருவும் அந்நியக் கூலிப்படை, அவன் பிறப்பைச் சொல்லி இழிவுசெய்யும் மேலதிகாரி. கூலிப்படை வீழ்கிறது, பெருமையோ அந்த அதிகாரிக்குச் செல்கிறது. இதை ‘மனிதனும் இயற்கையும்’ என்ற தலைப்பில் அடைத்தால், சாதி என்ற சொல்லே கட்டுரைக்குள் நுழையாது.

சங்க இலக்கியமும் இயற்கையைக் குறியீடாக்கியதே என்று மறுப்புரைக்கலாம். உண்மை, ஆனால் வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. தொல்காப்பியம் கருப்பொருளைப் பட்டியலிடும்போது விலங்கு, மரம், புள் ஆகியவற்றோடு உணவையும் பறையையும் தொழிலையும் சேர்த்தே வைக்கிறது. திணை என்பது மனிதர் வாழ்ந்து உழைக்கும் நிலம். அந்நிலத்தில் வாழ்வோர் அறிந்த விலங்கின் நடத்தையே உள்ளுறைக்கு அடிப்படை. கொங்குநாட்டில் மானாவாரி நிலத்தை இன்றும் ‘காடு’ என்கிறார்கள். சோளக்காடு என்பது உழுது விதைத்த இடம். ‘ஆளற்ற வெளி’ என்ற பொருளை அச்சொல்லின்மீது ஏற்றியவை நமது இறக்குமதிக் கோட்பாடுகள்.

இது சொல்லாராய்ச்சியோடு முடிந்துவிடும் வழக்கும் அன்று. ஆஸ்டின் டவுனில் அமர்ந்து இப்படங்களைப் பார்ப்பவருக்கு நாகரஹொளே சில மணிநேரப் பயணத் தொலைவு. புலிகளைக் காக்க வேண்டுமெனில் காட்டில் மனிதர் இருக்கக் கூடாது என்ற கருத்தின் பெயரால் அங்கிருந்து ஜேனு குருபர் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வந்த பின்னரும் அவர்கள் தம் நிலத்துக்காகப் போராடவே வேண்டியிருக்கிறது. திரையில் காட்டை ஆளற்றதாக வாசிக்கப் பழகிய கண், இந்த வெளியேற்றத்தையும் இயல்பாகவே காணும்.

ஆகவே ஆய்வு மாணவர்கள் குறியீட்டைத் தேடும் முன் மூன்று வினாக்களை எழுப்பட்டும். கேமரா வருவதற்கு முன் இக்காட்டில் வாழ்ந்தவர் யார்? பகைத்துக்கொள்ளும் இருவருக்கும் இடையே இருப்பது எச்சொத்து, எப்பதவி, எச்சாதி? இதனை இயற்கை என்று அழைப்பதால் தப்பித்துக்கொள்பவர் யார்? விடை கிடைத்த பிறகு கரடியைப் பற்றிப் பேசலாம்.