உதவிக்கு உளவு விலையாகக் கூடாது

அமெரிக்காவில் குடியேறிய அரபு, முஸ்லிம் மக்களுக்குச் சேவை செய்யும் சமூக அமைப்புகளுக்கு அந்நாட்டு அரசு நிதி தர வேண்டும். ஆனால் அந்த நிதி சுகாதாரம், கல்வி, தொழிலாளர் நலத் துறைகளின் வழியே வர வேண்டும். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் வழியே வரக் கூடாது.

இந்த அமைப்புகளின் அருமைக்கு மிச்சிகன் மாநிலத்தின் டியர்பார்ன் நகரமே சான்று. ஃபோர்டு நிறுவனத்தின் ரூஜ் ஆலையை நம்பி லெபனானிலிருந்தும் யேமனிலிருந்தும் வந்தவர்கள் குடியேறிய ஊர் அது. அங்கே 1971இல் தன்னார்வலர்கள் ஒரு சிறிய கடை அறையில் தொடங்கிய ‘ஆக்சஸ்’ அமைப்பு, இன்று மருத்துவம், மனநல ஆலோசனை, வேலைப் பயிற்சி எனப் பல சேவைகளை இன, மத பேதமின்றி வழங்குகிறது. அரசு அலுவலகத்தில் வாய் திறக்கத் தயங்குபவர்கள் இங்கே தங்கள் மொழியில் மனம்விட்டுப் பேசுகிறார்கள். இந்த நம்பிக்கை இல்லையேல் சேவை இல்லை.

அந்த நம்பிக்கையை அரசே குலைத்திருக்கிறது. 2002இல் தொடங்கிய ‘சிறப்புப் பதிவு’த் திட்டம், பெரும்பாலும் முஸ்லிம் நாடுகளைச் சேர்ந்த ஆண்களைக் குடியேற்ற அலுவலகங்களுக்கு வரவழைத்தது. 80,000க்கும் மேற்பட்டோர் தாங்களாகவே சென்று பதிந்தனர். அவர்களில் 13,000க்கும் மேற்பட்டோர் மீது நாடுகடத்தும் நடவடிக்கை பாய்ந்தது. பயங்கரவாதக் குற்றத்தில் தண்டனை பெற்றவர் ஒருவர்கூட இல்லை.

‘வன்முறைத் தீவிரவாதத்தைத் தடுத்தல்’ என்ற பெயரில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை பின்னர் சமூக அமைப்புகளுக்கே நிதி வழங்க முன்வந்தது. 2017இல் டியர்பார்னின் ஓர் அமைப்பும், மினியாபொலிஸில் சோமாலிய இளைஞர்களுக்காக உழைக்கும் ‘கா ஜூக்’ அமைப்பும், தலா ஏறத்தாழ 5 லட்சம் டாலரை வேண்டாம் என மறுத்தன. அந்த அமைப்புகள் எடுத்த இந்த முடிவை மதிக்கிறோம்.

நாட்டின் பாதுகாப்பு அரசின் கடமையல்லவா என்று கேட்கலாம். ஐயமில்லை. குற்றத்தை விசாரிக்கக் காவல்துறையும் நீதிமன்றமும் இருக்கின்றன. ஆனால் பாதுகாப்புக்கான நிதியைப் பெற்று, மனச்சோர்வோடு வரும் இளைஞனை வருங்காலக் குற்றவாளியாகப் பார்க்கும் ஆலோசகரிடம் எவன் இரண்டாம் முறை வருவான்? அவன் வராமல் போனால் பாதுகாப்புக்கும் நன்மையில்லை.

இதற்கிடையே, ஆங்கிலம் அதிகம் அறியாதோருக்கு மொழியுதவி தர அரசுத் துறைகளைப் பணித்த 2000ஆம் ஆண்டின் ஆணை, 2025 மார்ச்சில் விலக்கிக்கொள்ளப்பட்டது. அரசு கைவிடும் சுமை இந்த அமைப்புகளின் தலையில்தான் விழும். அந்த ஆணை மீண்டும் வர வேண்டும். சேவைக்கான நிதி ஆட்சி மாற்றத்தால் அறுபடாத பல்லாண்டு ஒதுக்கீடாக அமைய வேண்டும். உதவி நாடி வருபவர் சொல்லும் எந்தத் தகவலும் குடியேற்றத் துறையின் கைக்குப் போகாது என்று சட்டம் உறுதி தர வேண்டும். வரி செலுத்தி, ஆலையில் உழைத்து, அந்நாட்டை உருவாக்கிய மக்களுக்கு இது உரிமை, சலுகை அல்ல.