ஒரு சீழ்க்கைக்காக எரியும் பெற்றோல்

பன்வில பக்கமிருந்து வத்தேகமவுக்கு இறங்கும் வீதியை அறிந்தவர்களுக்கு அதன் வளைவுகளைப் பற்றி நான் விவரிக்கத் தேவையில்லை. சென்ற மாதம் அப்படியொரு வளைவுக்குச் சற்று முன்னர், என் தங்கையின் மகன் ஓட்டிவந்த டர்போ காரின் எஞ்சின் நின்றுபோனது. அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தான், பொனட்டுக்குள்ளிருந்து 'ப்ஷ்ஷ்' என்று ஒரு சீழ்க்கை எழுந்தது, கிளட்சை மிதித்தான், எஞ்சின் ஒருமுறை குலுங்கி அடங்கிவிட்டது. ஸ்டியரிங் கல்லாய்க் கனத்தது. முழுப் பலத்தோடு பிரேக்கை மிதித்து ஓரமாக நிறுத்தினான். பக்கத்து இருக்கையில் இருந்த எனக்கு மூச்சு திரும்பச் சில நிமிடங்கள் பிடித்தன.

"இது இடைக்கிடை இப்படிச் செய்யும் மாமா" என்றான் அவன், சர்வசாதாரணமாக.

அந்தச் சாதாரணத்தன்மைதான் என்னை எழுதத் தூண்டியது. சிக்கலின் மூலம் அவன் தன் சொந்தப் பணத்தில் வாங்கிப் பூட்டிய ஒரு சிறு உதிரிப்பாகம். டம்ப் வால்வு என்கிறார்கள்.

விடயத்தை எளிமையாகச் சொல்லிவிடுகிறேன். சுவிற்சர்லாந்தின் அல்பிரட் புய்கி 1905இல் காப்புரிமை பெற்ற அடிப்படை எண்ணம்தான் இன்றும் டர்போவாகச் சுழல்கிறது. வெளியேறும் புகையின் வேகம் ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அதே அச்சிலுள்ள மறுசக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. நாம் அக்சிலேட்டரை விட்டதும் எஞ்சினின் காற்றுவாசல் மூடிக்கொள்கிறது. அழுத்தப்பட்ட காற்று போக இடமின்றித் திரும்பி, சுழலும் சக்கரத்தின் மீதே மோதும். அதைத் தவிர்க்கவே தயாரிப்பாளர்கள் ஒரு வால்வை வைத்திருக்கிறார்கள். அது அந்தக் காற்றை டர்போவின் முன்பக்கக் குழாய்க்கே ஓசையின்றித் திருப்பி அனுப்பிவிடும்.

சந்தையில் விற்கும் டம்ப் வால்வு அதைத் திருப்பி அனுப்புவதில்லை. வெளியே கொட்டுகிறது. அந்தக் கொட்டலின் ஓசைதான் நம் இளைஞர்கள் காதலிக்கும் சீழ்க்கை.

இதில் என்ன கேடு என்று கேட்பீர்கள். மருமகனுடையதைப் போன்ற பல கார்களில், உள்ளே வரும் காற்றை வாசலிலேயே ஓர் உணரி அளந்து கணினிக்குச் சொல்லிவிடுகிறது. கணினி அதற்கேற்பப் பெற்றோலைத் தெளிக்கிறது. கணக்கில் ஏறிய காற்றை இடைவழியில் கொட்டிவிட்டால், இல்லாத காற்றுக்குப் பெற்றோல் பாய்கிறது. எஞ்சின் திணறுகிறது, பிளக்குகள் கரி பிடிக்கின்றன, புகையைச் சுத்திகரிக்கும் கெட்டலிட்டிக் கொன்வேட்டர் நாளடைவில் கெடுகிறது. காலை எடுத்த கணத்தில் எஞ்சின் நின்றுவிடவும் கூடும். அது சமவெளியில் எரிச்சல். மலைவீதி வளைவில் உயிராபத்து. வால்வின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் இன்னொரு கேடும் உண்டு. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அது திறந்தே கிடந்து, வடிகட்டப்படாத வீதித் தூசியை உள்ளே உறிஞ்சும்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லாக் கார்களும் இப்படியல்ல. காற்றின் அளவை அல்லாமல் உட்குழாயின் அழுத்தத்தைக் கொண்டே கணக்கிடும் எஞ்சின்களில் இந்தப் பெற்றோல் குழப்பம் நேராது. அங்கே மிஞ்சுவது ஓசை மட்டுமே. ஆனால் விற்பவர் "உங்கள் கார் எந்த வகை?" என்று கேட்டாரா என மருமகனிடம் விசாரித்தேன். கேட்கவில்லை. "பவர் கூடும்" என்று மட்டும் சொன்னாராம். தயாரிப்பாளர் பூட்டிய வால்வு பழுதின்றி இருக்கும்போது, இதனால் கூடுவது சத்தமே.

"போட்டிக் கார்களில் இருக்கிறதே" என்பது அடுத்த வாதம். போட்டிக் கார்களில் கணினியின் கணக்கையும் சேர்த்தே மாற்றுகிறார்கள். ஓட்டம் முடிந்ததும் பிரித்துப் பார்க்க ஆட்கள் நிற்கிறார்கள். நுவரெலியாவின் மகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. வேகத்தை விரும்புகிறவனுக்கு இந்நாட்டில் அப்படி ஒரு களமும் காலமும் உண்டு. விடியற்காலையில் லயன் காம்பறா வாசலை உரசிச் செல்லும் தோட்ட வீதி அந்தக் களமன்று. அங்கே உறங்கும் குழந்தையும், இரவு வேலை முடித்துப் படுத்தவரும் இந்தப் போட்டிக்கு அனுமதிச்சீட்டு வாங்கியவர்கள் அல்லர்.

இன்னொன்றையும் நாம் மறந்துவிட்டோம். 2022இல் இதே நாட்டில் பெற்றோலுக்காக நாள்கணக்கில் வரிசையில் நின்றோம். கியூ.ஆர். முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர் என்று அளந்து தந்தார்கள். அந்த வரிசையில் மருமகனும் நின்றான். அன்று துளித்துளியாக எண்ணிய அதே பெற்றோலை இன்று ஒரு சீழ்க்கைக்காகக் கரும்புகையாக்குகிறான். இதை நாகரிகம் என்பதா, மறதி என்பதா?

அரசைக் குறைகூறிவிட்டு நழுவவும் எனக்கு மனமில்லை. 2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டத்தோடு பொலிஸார் வீதிக்கு இறங்கி, பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் மேலதிகமாகப் பூட்டியிருந்தவற்றைக் கழற்றச் சொன்னார்கள். சங்கங்கள் எதிர்த்தன. கண்ணுக்குத் தெரிந்த அலங்காரம் அகப்பட்டது. பொனட்டுக்குள் ஒளிந்திருப்பது வீதியோரத்தில் நிற்பவர் கண்ணில் படாது. நின்ற நிலையில் நடக்கும் புகைப் பரிசோதனையிலும் இது அகப்படுவது கடினம். ஏனெனில் இந்த வால்வின் குறும்பு, டர்போ அழுத்தம் ஏறியபின் காலை எடுக்கும் அந்த ஒரு கணத்தில்தான் வெளிப்படும்.

எங்கள் தொழிலுக்கும் இதில் பங்குண்டு. வாகனப் பக்கங்களுக்குப் பொறுப்பாயிருந்த நாள்களில், உதிரிப்பாக விளம்பரதாரர் எழுதித் தந்ததைச் 'செய்தி'யாக அச்சேற்றியவன் நான். "பவர் கூடும்" என்ற சொற்றொடரை எத்தனை முறை எழுத்துப்பிழை மட்டும் திருத்தி அனுப்பியிருப்பேன்! அன்று ஒரு மெக்கானிக்கிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அந்தக் கேள்வியைப் பல ஆண்டுகள் பிந்தி வத்தேகமவில் ஒரு கராஜில் கேட்டேன். பாஸ் சிரித்தார். "ஐயா, பூட்டச் சொல்லி வருகிறவர்கள் ஒருவரும் எதற்கு என்று கேட்பதில்லை. கழற்ற வருகிறவர்கள்தான் கேட்கிறார்கள்."

மருமகன் பழைய வால்வை எப்போதோ கொடுத்துவிட்டிருந்தான். கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து அதே வகையில் பாவித்த ஒன்றை வருவித்தோம். அதன் மெல்லிய குழாயில் வாய்வைத்து உறிஞ்சி, வால்வு திறந்து பிடிக்கிறதா என்று பாஸ் முதலில் சோதித்தார். எஞ்சின் ஆறியபின் இரண்டு ஆணிகளைக் கழற்றி, புது கேஸ்கட் வைத்துப் பூட்டினார். டம்ப் வால்வு பூட்டியவர்கள் அடைத்துவைத்திருந்த திரும்புவழித் துவாரத்தின் அடைப்பை நீக்கி, அதற்குரிய குழாயை மீண்டும் இணைத்தார். வெடித்திருந்த வெற்றிடக் குழாயை மாற்றினார். கரி பிடித்த பிளக்குகளைத் துடைத்தார். ஒரு மணித்தியால வேலை.

மீண்டும் பன்வில வீதியில் ஏறி இறங்கினோம். அதே வளைவு. காலை எடுத்தான், கிளட்சை மிதித்தான், எஞ்சின் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. மருமகனின் முகத்தில் மட்டும் ஓர் ஏமாற்றம்.

"சத்தமே இல்லையே மாமா" என்றான்.

ஆமாம் தம்பி. வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குச் சத்தம் தேவையில்லை.