பட்டாவில் மூன்று சென்ட், அளந்தால் எவ்வளவு?

பள்ளியில் செயல்பாடு கொடுத்திருக்கிறார்கள் என்று பிள்ளை வந்து நின்றாலே நம் தெருவில் பெற்றவர்களுக்குச் சலிப்புதான். சார்ட் வாங்க வேண்டும், கலர் படம் எடுக்க வேண்டும். கூலி வாங்கிய கையோடு கடைக்கு ஓடி, ரெடிமேட் படத்தை வாங்கி ஒட்டி அனுப்பிவிடுகிறோம். இதில் பிள்ளையும் கற்பதில்லை, நாமும் கற்பதில்லை. லாபம் கடைக்காரருக்கு.

அண்மையில் நாம் போயிருந்த ஒரு காலனியில் வேறு மாதிரி நடந்தது. 'வீட்டு மனையை அம்மா அப்பாவோடு சேர்ந்து அளந்து பரப்பளவு எழுதி வா' என்று ஏழாம் வகுப்பில் கணக்கு ஆசிரியை சொல்லியிருக்கிறார். அப்பா கொத்தனார். டேப்பைத் தொய்வில்லாமல் பிடிப்பது, மூலைமட்டம் பார்ப்பது எல்லாம் மகளுக்கு அவர்தான் சொல்லிக்கொடுத்தார். டிரங்குப் பெட்டியில் கிடந்த பட்டாவை எடுத்து வந்தது அம்மா. 'மூன்று சென்ட்' என்று எல்லோரும் சொல்லக் கேட்டதோடு சரி, அதில் 0.01.21 ஹெக்டேர் என்று எழுதியிருப்பதை அதுவரை வீட்டில் யாரும் படித்ததில்லை. ஒரு ஏர் என்றால் நூறு சதுர மீட்டர், ஆக மொத்தம் 121 சதுர மீட்டர் என்று கணக்குப் போட்டுச் சொன்னவள் மகள். டேப்பில் வந்ததோ 11 மீட்டருக்கு 9 மீட்டர். 99தான். அரை சென்டுக்கு மேல் காணோம்!

1892இல் வெள்ளைக்கார அரசு நம் மக்களுக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர். முதல் பத்தாண்டு விற்கக் கூடாது, அதன்பின் விற்றாலும் நம்மவருக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிபந்தனையைப் படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்த தாத்தாக்கள் எத்தனை பேர்! அதனால்தான் இந்த வீட்டுப்பாடத்தை நாம் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

ஊர் வம்பைப் பள்ளிக்குள் கொண்டுவராதீர்கள் என்று சில ஆசிரியர்கள் சொல்லக்கூடும். மனையை அளப்பது எப்படி வம்பாகும்? பாடப்புத்தகத்தில் உள்ள கணக்குத்தானே அது.

இப்படிப்பட்ட வேலைகளைக் கேட்டு வாங்க நமக்கு இடமும் இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நம் பிள்ளைகளின் பெற்றோருக்கும் உரிய பங்கு தர வேண்டும். ஆனால் பல இடங்களில் கூட்டத்தைப் பகலில் வைக்கிறார்கள். நடவுக்குப் போனவள் எப்படி வருவாள்? கையெழுத்து வாங்க நோட்டு மட்டும் வீடு தேடி வருகிறது. வேலை முடிந்து வரும் நேரத்தில் கூட்டம் வையுங்கள் என்று நாம்தான் கேட்க வேண்டும்.

அளக்கச் சொல்லித் தாலுகா அலுவலகத்துக்கு மனு எழுதியது அந்தப் பிள்ளை, கையெழுத்துப் போட்டது அப்பா. சர்வேயர் இன்னும் வரவில்லை. அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் அவளை டேப்போடு கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.