மலை ஏறியவரும் பற்று எழுதியவரும்



அமெரிக்காவில் 1862-ல் ஒரு சட்டம் வந்தது. மேற்கே போய் ஐந்து வருடம் குடியிருந்து உழுதால் 160 ஏக்கர் சொந்தம் என்றது அது. வண்டி கட்டிப் போன அந்தக் குடும்பங்களைப் பற்றிச் சினிமாக்கள் ஏராளம். அறுவடை வரை மாவும் உப்பும் ஆணியும் கடனாகக் கொடுத்த கடைக்காரரைப் பற்றிப் பேசுவார் குறைவு. அந்த மண்ணை இழந்த பூர்வகுடிகளைப் பற்றியும் வெகுகாலம் பேசவில்லை.

நம் மேற்கு மலையின் கதையும் ஏறக்குறைய இதுதான். முதுவர், மன்னான், பளியர் வாழ்ந்த காடுகளில் ஏலத் தோட்டங்கள் வந்தன. போடி, தேவாரம், கம்பத்திலிருந்து நம்மவர் ஏறினார்கள். அந்தப் பக்கமிருந்து மலையாள விவசாயிகள் ஏறினார்கள். பட்டம் தாணுப்பிள்ளை முதலமைச்சராக இருந்த காலத்தில், 1955-ல், கல்லாறு பகுதியில் அரசே குடியேற்றத் திட்டம் தொடங்கியது. 1956 நவம்பர் 1-ல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தன. மாநிலம் மாறினாலும், அரிசி பருப்பு மூட்டைகள் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஏறுவது நிற்கவில்லை.

ஏலச்செடி நட்டால் மகசூல் பார்க்க இரண்டு மூன்று வருடமாகும். அதுவரை சிறு விவசாயியின் அடுப்பு எரிவது கடைக்காரர் எழுதும் பற்றில்தான். அதே பற்றைக் காட்டிக் காயைத் தங்கள் விலைக்கு எடுத்துக்கொண்ட வியாபாரிகளும் உண்டு. இதை மறைத்துப் பெருமை பேசுவது முறையல்ல.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினையில் எல்லை அடைபட்டபோது என்ன நடந்தது? தோட்டத்துக்கு ஜீப்பில் போகும் பெண்கள் கூலி இழந்தார்கள். நம் குடோன்களில் சரக்கு தேங்கியது. 1895-ல் பென்னிகுயிக் கட்டித் தந்த அணைத் தண்ணீரில் நம் உரிமையைச் சொட்டும் விட வேண்டாம். ஆனால் அந்த வழக்குக்காக வியாபாரத்தைப் பணயம் வைப்பதில் யாருக்கும் லாபமில்லை.

மொத்த வியாபாரத்தில் நெடுங்காலம் இருந்த முறையில் நாங்கள் சொல்வது மூன்று:

1. எல்லையில் பதற்றம் வந்தால், கடையடைப்புக்கு முன் இரு பக்கத்து வணிகர் சங்கங்களும் உட்கார்ந்து பேசவேண்டும். உணவுப் பொருள் வண்டி நிற்கக்கூடாது.

2. விலையைப் பார்த்துக் கடன் கொடுக்காதீர்கள். ஆளின் நாணயத்தைப் பாருங்கள். 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போன காய், 2022-ல் ஆயிரத்துக்கும் கீழே கிடந்தது. உச்ச விலையை நம்பி எழுதிய பற்று எளிதில் வசூலாகாது.

3. பற்று வரவைச் சீட்டில் எழுதி விவசாயி கையிலும் ஒரு பிரதி கொடுங்கள். தேனும் காயும் கொண்டுவரும் பழங்குடி மக்களுக்கும் அதே தராசு, அதே விலை.

மலையில் குடும்பம் நிலைத்தால்தான் பள்ளத்தாக்கில் கடை நிலைக்கும். உறுப்பினர்கள் சிந்திக்க வேண்டுகிறோம்.