உம்மாமாரே, போத்தல் வாங்க முன்னர் பிள்ளையைக் காட்டுங்கள்

பொம்பளைகள் விஷயம் என்று தாண்டிப் போக வேண்டாம், வாப்பாமாரும் வாசியுங்கள்.

நாங்கள் படிப்பிக்கும் பிள்ளைகளில் 4 மாதமாக மாதவிடாய் வராதவளும் இருக்கிறாள். 20 நாளாக இரத்தம் நிற்காமல் வெளிறிப்போய் வகுப்பில் தலை சாய்த்துக்கொள்பவளும் இருக்கிறாள். இரண்டு வீட்டிலும் இருந்தது ஒரே மருந்து, அசோகாரிஷ்டம். இரண்டு உம்மாமாரும் சொன்னதும் ஒன்றுதான்: "ஆயுர்வேதம்தானே டீச்சர், ஒண்டும் செய்யாது."

ஆயுர்வேதத்தைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. றக்வானையில் கை கால் முறிந்தால் வெத மஹத்தயாவிடம்தானே முதலில் ஓடுகிறோம்! ஆனால் அந்த வைத்தியத்தின் கணக்கை நாங்களே மதிப்பதில்லை. அசோகப் பட்டை, சிங்களத்தில் தியரத்மல், வழமையாகக் கொடுப்பது இரத்தம் கூடுதலாகப் போகிறவளுக்கு. வராமல் தள்ளிப் போகிறவளுக்குக் கொடுப்பது கற்றாழையில் செய்யும் குமார்யாசவம். இரண்டும் இரண்டு வழி. அந்தக் கற்றாழை மருந்து கர்ப்பிணிக்குக் கூடாது, ஆகவே கல்யாணம் முடித்தவர்கள் முதலில் சிறுநீர்ச் சோதனை செய்ய வேண்டும். பட்டைத் தூளிலும் கலப்படம் உண்டு. வேலியோரம் நெட்டையாக நிற்கிறதே, நாங்கள் அசோகா என்று சொல்லும் மரம், அது நெட்டிலிங்கம். மருந்து மரம் அதுவல்ல.

நல்ல வைத்தியர் நாடி பார்ப்பார், பசி, தூக்கம், மலம் எல்லாம் கேட்பார், பத்தியம் சொல்வார். பிறகுதான் மருந்து. சூல்பையில் நீர்க்கட்டி என்று சொல்கிற பிரச்சினைக்கு ஆஸ்பத்திரி டொக்டரும் முதலில் சாப்பாட்டையும் நடையையும்தான் சொல்கிறார். உடல் பருத்தவர்களுக்கு நிறையில் 100க்கு 5 குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் ஒழுங்காகிறது. சீனி போட்ட பிளேன்டியும் பணிஸும் ஒரு பக்கம், அரிஷ்டம் மறு பக்கம் என்றால் என்ன பிரயோசனம்?

வயதுக்கு வந்து முதல் ஓரிரு வருஷம் முன்பின்னாக வருவது சாதாரணம், பயப்பட வேண்டாம். 3 மாதம் தொடர்ந்து வராவிட்டால், ஒரு வாரத்துக்கு மேல் நிற்காவிட்டால், முகத்தில் முடி கூடினால் காட்ட வேண்டும். தைரொய்ட், ஹீமோகுளோபின் இரண்டும் இரத்தத்தில் தெரிந்துவிடும். நாடி மட்டும் போதாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசும் இல்லை. ஆயுர்வேதம்தான் வேண்டும் என்றால் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிந்த வைத்தியரிடம் பிள்ளையையே கூட்டிப் போங்கள். ஆள் அனுப்பி மருந்து எடுக்காதீர்கள்.

வெட்கம் என்கிறீர்கள். ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள் தமக்கு இரத்தம் நிற்பதில்லை என்று நபி (ஸல்) அவர்களிடமே நேரில் கேட்டார்கள். ரமழானில் களா நோன்புக்காக நாள் எண்ணி வைக்கிற நாங்கள் மற்ற 11 மாதமும் எண்ணுவதில்லை. இன்றைக்கே கலண்டரில் குறிக்கச் சொல்லுங்கள், வைத்தியர் முதலில் கேட்பது அந்தத் திகதியைத்தான். கூட்டிப் போக ஆளில்லாத உம்மாமார் இன்பொக்ஸில் சொல்லுங்கள், எங்களில் ஒருத்தி கூட வருவோம், இன்ஷா அல்லாஹ்.